கிரேன் அக்காவும் ஒரு நாவலின் கடைசி அத்தியாயமும்

அறுபது மீட்டர் உயரத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவளுக்குக் கீழே நடமாடுகிறவர்கள் எல்லாரும் கொஞ்சம் மந்தமாகத்தான் தெரிவார்கள். கிரேன் அக்கா அதை ஒருநாளும் மறைத்ததில்லை. லாரியைத் தப்பான பக்கம் திருப்பினால் மேலேயிருந்தே வாக்கி டாக்கியில் ஒரு பாட்டு விடுவாள். நாற்பத்தாறு வயது, பத்தொன்பது வருட அனுபவம், இதுவரை ஒரு செங்கல்கூட அவளுடைய கொக்கியிலிருந்து நழுவி விழுந்ததில்லை. இதை வாரத்துக்கு ஒரு தடவையாவது அவளே சொல்லிவிடுவாள், மற்றவர்கள் மறந்துவிடக் கூடாதே என்று.

டவர் கிரேனின் கேபின் என்பது ஒரே ஒரு ஆள் உட்காருகிற கண்ணாடிப் பெட்டி. காலுக்கு அடியிலும் கண்ணாடிதான். இரண்டு கைக்கும் இரண்டு லீவர், சின்ன விசிறி, தண்ணீர் பாட்டில், காற்றின் வேகத்தைக் காட்டும் மீட்டர், ஒரு வாக்கி டாக்கி. ஏணியில் ஏற இருபத்தைந்து நிமிடம், இறங்க இருபது. காலை ஏழு மணிக்கு ஏறினாள் என்றால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவாள். அவள் தூக்குகிற சுமை பாதி நேரம் அவள் கண்ணுக்கே தெரியாது. கட்டிக்கொண்டிருக்கும் பதினாறு மாடி ஆஸ்பத்திரிக்குப் பின்னால் போய் இறங்கும். அப்போது கீழே நிற்கும் சிக்னல்காரர் சொல்வதுதான் அவளுக்குக் கண். “வலது கொஞ்சம். இன்னும். நிறுத்து. இறக்கு. மெதுவா. நிறுத்து.” பதினாலு வருடமாக அந்தக் குரல் சொன்ன இடத்தில் இரண்டு டன் கம்பியைப் பூப்போல வைத்துக்கொண்டிருக்கிறாள்.

அந்த ‘நிறுத்து’வும் ‘இறக்கு’வும் கொக்கிக்குச் சொல்வது. அவளிடம் பேசும்போது ‘நீங்க’தான். சைட்டில் எல்லாருக்கும் அவள் அக்கா. அவளைவிட ஆறு வயது மூத்த கம்பி மேஸ்திரிக்கும் அக்கா. சிக்னல்காரர் மட்டும் ஒரு நாளும் அக்கா என்றதில்லை, தங்கச்சி என்றதும் இல்லை. அவளும் அவரை அண்ணன் என்று கூப்பிட்டதில்லை. வாக்கி டாக்கியில் அவள் ‘மேல’, அவர் ‘கீழ’. “மேல, கேக்குதா?” “கேக்குது, கீழ.” சாப்பிட உட்கார்ந்தாலும் அதே பெயர்தான். அவரை அண்ணன் என்று கூப்பிட்டால் நாலு பேர் வாயை மூடலாமே என்று அவளுடைய தங்கை ஒரு தடவை யோசனை சொன்னாள். தனக்கு ஏற்கெனவே இருக்கிற ஒரே ஒரு தங்கச்சியே அதிகம், புதிதாக அண்ணன் வேறு வேண்டாம் என்று அக்கா பதில் சொல்லிவிட்டாள்.

அந்தத் தங்கையின் வீட்டு மாடியில்தான் அவளுக்கு ஒரு அறை. கல்யாணம் ஆகவில்லை. பத்தொன்பது வயதில் அப்பா பக்கவாதத்தில் படுத்தார், எட்டு வருடம் எழுந்திருக்கவில்லை. அந்த எட்டு வருடத்தில் வந்த வரன்களையெல்லாம் அவளே திருப்பி அனுப்பினாள். அப்பா போன பிறகு வரன்களும் வருவதை நிறுத்திக்கொண்டன. அதற்காக மூலையில் உட்கார்ந்து அழவில்லை. அந்த வருடமே கிரேன் லைசென்ஸ் வாங்கினாள். சிக்னல்காரருக்கு ஐம்பது வயது. மனைவி இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. ஒரே பெண், கல்யாணமாகி வெளியூரில். மனைவி போன பிறகு வீட்டுக்குப் போகிற வழியில் இருந்த நூலகத்தில் நுழைய ஆரம்பித்தவர், அங்கேயே பாதிக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார்.

ஆறு வருடத்துக்கு முன்னால் அவருக்கு மஞ்சள்காமாலை வந்தது. பன்னிரண்டு நாள் லீவு. பதிலுக்கு வேறொரு ஆளைப் போட்டார்கள். நல்ல வேலைக்காரன்தான், ஒரு குறையும் சொல்ல முடியாது, ஆனால் ஒவ்வொரு கட்டளைக்கும் முன்னால் ஒரு தடவை தொண்டையைச் செருமுவான். நாலாவது நாள் மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்த அக்கா, இந்தச் செருமலைப் பற்றிச் சொல்லிச் சிரிக்கலாம் என்று பக்கத்தில் திரும்பினாள். பக்கத்தில் யாரும் இல்லை. சொல்ல வேண்டிய ஆள் வீட்டில் படுத்திருந்தார். அப்போதுதான் அவளுக்கு விஷயம் புரிந்தது. புரிந்ததும் டப்பாவை மூடிவிட்டு, யாரிடமும் மூச்சு விடாமல் மறுபடி ஏணி ஏறிவிட்டாள்.

இந்த வருடம் காற்றுக் காலம் சீக்கிரமே வந்துவிட்டது. காற்று அளவுக்கு மேல் வீசினால் எதையும் தூக்கக் கூடாது. கிரேனின் கையைப் பூட்டாமல் காற்று போகிற பக்கம் திரும்ப விட்டுவிட்டு, தணியும்வரை காத்திருக்க வேண்டும். மதியம் இரண்டு மணிக்கு ஆரம்பித்தால் மூன்றரை வரை போகும். அதற்குள் இறங்கி ஏறுவது கட்டுப்படியாகாது. அதனால் அவள் மேலே, அவர் கீழே, வேலைக்கான மூன்றாம் சேனலை விட்டு ஏழாம் சேனலுக்குப் போய்ப் பேசிக்கொண்டிருப்பார்கள். இந்த முறை அவர் நூலகத்திலிருந்து ஒரு தடிமனான நாவலை எடுத்துவந்தார். படிக்கட்டுமா என்று கேட்டார். தூக்கம் வராமல் இருந்தால் சரி என்றாள் அவள்.

ஒரே தெருவில் வளர்ந்த இரண்டு பேரின் கதை. அவள் மருந்துக்கடை நடத்துகிறாள், அவன் மாட்டு டாக்டர். பன்னிரண்டு வயதில் ஒரு சைக்கிளுக்காகச் சண்டை போட்டு நண்பர்களாகிறார்கள். அவன் கல்யாணத்துக்கு அவள் பந்தி பரிமாறுகிறாள், அவள் கல்யாணம் முறிந்தபோது அவன் வண்டி கொண்டுவந்து சாமான்களை ஏற்றுகிறான். அவன் மனைவி செத்துப்போகிறாள். முப்பத்தோரு வருடம் இப்படியே ஓடுகிறது, நானூற்றுச் சொச்சம் பக்கத்தில். எழுதியவருக்கு வாக்கியத்தை முடிக்கவே மனசு வராது. பக்கத்தின் உச்சியில் ஆரம்பித்தால் அடியில்தான் விடுவார். சிக்னல்காரர் நடுவில் இரண்டு தடவை மூச்சு வாங்கிக்கொண்டு படிப்பார்.

அக்கா சும்மா கேட்கிற ஆளா? அத்தியாயத்துக்கு அத்தியாயம் எழுத்தாளரை வம்புக்கு இழுத்தாள். மருந்துக்கடைக்காரி எதற்கு ஜன்னலோரம் நின்றுகொண்டே இருக்கிறாள், கடையில் கூட்டமே வராதா என்று கேட்டாள். மாட்டு டாக்டரின் சட்டையில் சாணி வாடையே இல்லையே என்றாள். அவளுடைய பெரிய கோபம் கதையின் அடிப்படை மேலேயே இருந்தது.

“முப்பத்தோரு வருஷமா ரெண்டு பேருக்கும் தெரியலையாம். யாருக்குக் காது குத்தறாரு இவரு?”

“சில பேருக்குத் தெரியாமலும் இருக்கலாம்” என்றது கீழே இருந்து குரல்.

“அதெல்லாம் தெரியும். தெரிஞ்சும் சொல்லாம இருப்பாங்க. இருக்கறது நல்லா ஓடிட்டிருக்கு, அதை எதுக்குக் கழட்டிப் பாக்கணும்னு விட்டுடுவாங்க. இந்த ஆளுக்கு மனுஷங்களையே தெரியல.”

கீழேயிருந்து பக்கம் புரட்டுகிற சத்தம் கேட்டது. நாவலைப் பற்றித்தான் பேசினோம் என்று அக்கா நினைத்துக்கொண்டாள்.

இதற்கு நடுவில் சைட் மேனேஜர் அம்மா அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். இன்னும் இரண்டு மாதத்தில் இந்தக் கிரேனைப் பிரித்துவிடுவார்கள். நாலு மணி நேரப் பயணத்தில் இருக்கிற துறைமுகத்தில் கம்பெனிக்குப் புது வேலை, இதைவிடப் பெரிய கிரேன், இரண்டு வருடம். போகிறாளா என்று மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும். சிக்னல்காரரை இதே ஊரில் வேறு சைட்டுக்கு மாற்றுவதாகத் திட்டம். அக்கா யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். வேலையைப் பற்றி யோசிக்க அவளுக்கு ஒன்றும் இல்லை. அவரிடம் பேசாமல் போவதா, பேசிவிட்டுப் போவதா என்பதுதான் யோசனை. நாவல் முடியட்டும் என்று ஒரு கெடு வைத்துக்கொண்டாள். கடைசி அத்தியாயத்தைப் படித்ததும், ‘நீங்க என்ன நினைக்கறீங்க?’ என்று கேட்டுவிட வேண்டும். மீதியை அவர் பதில் சொல்லும்.

அந்த நாளும் வந்தது. மாட்டு டாக்டர் ஊரைவிட்டே போகப் பெட்டியோடு பஸ் ஸ்டாண்டில் நிற்கிறார். கடையைப் பூட்டக்கூட மறந்து அவள் ஓடிவருகிறாள். இது வரைக்கும் சிக்னல்காரர் தெளிவாகத்தான் படித்தார். அப்புறம் ஒரு இடைவெளி. மேலே அக்கா மீட்டரைப் பார்க்காமல் வாக்கி டாக்கியையே பார்த்துக்கொண்டிருந்தாள். குரல் திரும்ப வந்தது.

“அவன் அவளைப் பார்த்தான். அவள் நின்றாள். பஸ் வந்தது. நட்பு போதும் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. அவன் ஏறினான். அவள் கடைக்குத் திரும்பினாள். முற்றும்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

அவள் கேட்க நினைத்ததைக் கேட்டாள். முடிவு சரியாகத்தான் இருக்கிறது, சிநேகிதம் கெட்டுப்போகவில்லையே என்றார் அவர். புத்தகத்தை இன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுவதாகவும் சொன்னார்.

அவளுக்கு வலித்தது. நல்ல மனிதர், முகத்துக்கு நேராக வேண்டாம் என்று சொல்லாமல் ஒரு புத்தகத்தைக் காட்டிச் சொல்லிவிட்டார் என்று எடுத்துக்கொண்டாள். அன்றைக்குக் காற்று தணிந்த பிறகு தூக்கிய முதல் சுமை இரண்டு விரற்கடை தள்ளி இறங்கியது. கீழே இருந்த கம்பிக்காரர்கள் ஆச்சரியமாக அண்ணாந்து பார்த்தார்கள்.

மறுநாள் காலை மேனேஜர் அம்மாவிடம் போய்ச் சரி என்று சொன்னாள். சனிக்கிழமை கையெழுத்து. மதியம் சிக்னல்காரரிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் டப்பாவைப் பார்த்தபடியே, துறைமுகத்துக் கிரேன் நல்ல கிரேன் என்றார். பாதிச் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்தார். அக்கா அதைப் பார்த்தாள்தான். ஆனால் கோபத்தில் இருக்கிறவர்களுக்குத் தெரிகிற எதுவும் மண்டைக்குள் போவதில்லை.

அதற்கு அடுத்த நாள், வெள்ளிக்கிழமை, ஏணியடியில் கம்பி மேஸ்திரி அவளை வழிமறித்தார். அவர் ஒரு நியாயம் கேட்டு வந்திருந்தார்.

“அக்கா, அந்த மாட்டு டாக்டர் ஏன் அப்படிப் பஸ் ஏறிப் போனான்? ரெண்டு மாசமாக் கேட்டோம். கடைசியில இப்படிக் கவுத்துட்டாங்களே.”

அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. துருவிக் கேட்டபோது விஷயம் வெளியே வந்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால் கம்பிக்காரர்களுக்குப் புது வாக்கி டாக்கி கொடுத்து ஏழாம் சேனலை ஒதுக்கியிருக்கிறார்கள். அறிவிப்புப் பலகையில்கூட ஒட்டியிருந்ததாம். அறுபது மீட்டர் உயரத்தில் இருந்து அறிவிப்புப் பலகையை யார் படிப்பது? காற்று அடித்தால் அவர்களுக்கும் வேலை இல்லை. இருபத்தாறு பேர் ஒரே வாக்கி டாக்கியைச் சுற்றி உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறார்கள். அக்காவின் விமர்சனத்தோடு சேர்த்துத்தான். மருந்துக்கடைக் கூட்டத்தைப் பற்றி அவள் சொன்னது ரொம்பச் சரி என்று மேஸ்திரி பாராட்டினார்.

“இது அவருக்குத் தெரியுமா?”

“கடைசி நாள் காலையிலதான் நான் சொன்னேன். இன்னைக்கு முடிவாமே, எங்க பசங்க எல்லாரும் ரெடியா உக்காந்திருக்காங்க, கொஞ்சம் சத்தமாப் படிங்கன்னேன். ஆள் வெளிறிப்போயிட்டாரு.”

அக்கா ஏணியில் ஏறினாள். மூன்றாவது தட்டில் நின்றாள். அவன் பார்த்தான். அவள் நின்றாள். பஸ் வந்தது. அவன் ஏறினான். நானூறு பக்கத்தில் அந்த எழுத்தாளர் இவ்வளவு சின்ன வாக்கியம் ஒன்றாவது எழுதியிருக்கிறாரா? மூச்சுவிட இடம் கொடுக்காத ஆள், கடைசிப் பக்கத்தில் மட்டும் இப்படித் துண்டு துண்டாகப் பேசுவாரா? இப்படிப் பேசுகிற ஒரே ஒரு ஆளை அவளுக்குத் தெரியும். பதினாலு வருடமாகத் தினமும் எட்டு மணி நேரம் கேட்கிற பேச்சு. ஏணிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் கோபம் வந்தது, அதுவும் நல்ல கோபம்தான்.

அன்று சாயங்காலம் வேலை முடிந்ததும் நேராக நூலகத்துக்குப் போனாள். திரும்பி வந்த புத்தகங்களின் அடுக்கிலேயே இருந்தது. உட்காரக்கூடப் பொறுமை இல்லாமல் அலமாரி ஓரம் நின்றே கடைசி அத்தியாயத்தைப் படித்தாள்.

பஸ் வருகிறது. மாட்டு டாக்டர் ஏறவில்லை. ஒன்றரைப் பக்கத்துக்கு ஒரே வாக்கியமாகப் பேசுகிறார். இருபது வயதிலிருந்தே தனக்குத் தெரியும் என்கிறார். உன்னிடம் சொல்லாத விஷயம் என்னிடம் இது ஒன்றுதான், இதைச் சொன்னால் மற்ற எல்லாவற்றையும் சொல்வதற்கு ஆள் இல்லாமல் போய்விடுமோ என்று பயந்தே இத்தனை வருடம் ஓட்டிவிட்டேன் என்கிறார். மருந்துக்கடைக்காரி எனக்கும் தெரியும் என்கிறாள்.

நான் அப்போதே சொன்னேனே என்றுதான் அக்காவுக்கு முதலில் தோன்றியது. தெரியும், தெரிந்தேதான் சொல்லாமல் இருந்தார்கள். எழுத்தாளருக்கு மனிதர்களைத் தெரிந்துதான் இருக்கிறது. பொறுமை இல்லாமல் ஏசியது இவள்தான். அடுத்து வந்த நினைப்பு அவ்வளவு சுகமாக இல்லை. கதையில் வருகிறவர்களைப் பற்றி இரண்டு மாதம் வாய் கிழியப் பேசியவள், ஆறு வருடமாக வாயைத் திறக்காமல் அதே பெஞ்சில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். தெரிந்தும் சொல்லாதவர்கள் பட்டியலில் முதலில் நிற்கிறவள் அவளேதான். புத்தகத்தைத் தன் பெயரில் எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். முகத்தைப் பார்த்த தங்கை என்ன ஆயிற்று என்று கேட்டாள். நாளைக்குச் சொல்கிறேன், நல்ல விஷயமாக இருந்தால் நீயும் வந்து பேசு, இல்லையென்றால் ஒன்றும் கேட்காதே என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கே சைட்டுக்கு வந்தாள். முதலில் மேனேஜர் அம்மாவுக்குப் போன் போட்டு, துறைமுகத்தில் தனக்கு யார் சிக்னல் கொடுப்பது என்று கேட்டாள். இனிமேல்தான் ஆள் போட வேண்டும் என்றார் அவர். கண்ணால் பார்க்காத இடத்தில் சுமையை இறக்குகிறவள் நான், அதனால் ஆளையும் நான்தான் சொல்வேன் என்றாள் அக்கா. சரி, ஆளோடு வாருங்கள் என்றார் மேனேஜர் அம்மா.

சிக்னல்காரர் தகரக் கொட்டகையில் இருந்தார். சுமை கட்டுகிற பெல்ட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, எங்காவது நைந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். தினமும் காலையில் அவர் முதலில் செய்கிற வேலை அது. அக்கா நாவலை மேஜைமேல் வைத்தாள்.

“கீழ, இதோட கடைசி அத்தியாயத்தை யார் எழுதினது?”

அவர் புத்தகத்தைப் பார்த்தார். மறுக்கிற ஆள் இல்லை அவர்.

“நான்தான்.”

ஏன் என்று அவள் கேட்காமலே சொன்னார். முதல் நாளே வீட்டில் அந்த ஒன்றரைப் பக்கத்தை நாலு தடவை படித்துப் பார்த்திருக்கிறார். அவளுக்கு மட்டும் என்றால் எப்படியாவது படித்துவிடலாம் என்று தைரியம் செய்துகொண்டு வந்திருக்கிறார். காலையில் மேஸ்திரி வந்து இருபத்தாறு பேர் கேட்கிறார்கள் என்றதும் எல்லாம் போய்விட்டது.

“அதை நான் படிச்சா கதை படிக்கற மாதிரி இருக்காது. அத்தனை பேரும் கண்டுபிடிச்சிருப்பாங்க.”

“அவங்க கண்டுபிடிச்சா என்ன குடிமுழுகிப்போச்சு? நான்ல கண்டுபிடிக்காமப் போனேன். கையெழுத்துப் போடற வரைக்கும் வந்துட்டேன்.” அக்காவின் குரல் உயர்ந்துவிட்டது. ஒரு மூச்சு விட்டு இறக்கிக்கொண்டாள். “தப்பு உங்க மேல மட்டும் இல்ல. எனக்கு ஆறு வருஷமாத் தெரியும். நீங்க மஞ்சள்காமாலைல படுத்தீங்களே, அப்பலேர்ந்து. கதையில வர்றவங்களைப் பத்திப் பெரிசாப் பேசினேனே தவிர, நானும் சொல்லல. இப்பச் சொல்றேன். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. துறைமுகத்துல சிக்னலுக்கு ஆள் வேணும், உங்க பேரைச் சொல்லப்போறேன். ஆனா வேலைக்கு மட்டும் கூப்பிடல. அது தெரிஞ்சு வாங்க.”

அவர் பக்கத்தில் கிடந்த மரப்பலகையில் உட்கார்ந்துவிட்டார். பெல்ட் மடியிலேயே இருந்தது. வெளியே ஆட்கள் வர ஆரம்பித்திருந்தார்கள், ஹெல்மெட் எடுக்கிற சத்தம் கேட்டது. அக்கா நின்றுகொண்டே இருந்தாள். காத்திருப்பது அவளுக்குப் பழக்கம்தான். ஆனால் முடியாது என்று இவர் சொல்லிவிட்டால் இன்றைக்கு மதியம் அதே பெஞ்சில் எப்படி உட்காருவது என்று அவளுக்கும் தெரியவில்லை.

“எனக்கு ஆசை இல்லைன்னு இல்ல” என்றார் கடைசியில். “பயமா இருக்கு. நல்லதோ கெட்டதோ, எது நடந்தாலும் உங்ககிட்டதான் சொல்றேன். என் பொண்ணுகிட்டகூட அப்புறம்தான். இது சரியா வரலைன்னா, அதை நான் யார்கிட்ட போய்ச் சொல்லுவேன்?”

“என்கிட்டயே சொல்லுங்க” என்றாள் அவள். “நான் கேக்கறேன்.”

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எழுந்து, பெல்ட்டை அதன் இடத்தில் மாட்டிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

“மேனேஜர் அம்மா எத்தனை மணிக்கு வருவாங்க?”